பையன் மிலிட்டரி ட்ரெயினிங்குக்கு கிளம்புறான், வீட்ல இருக்கற நாம என்ன பண்றது? அடிக்கடி கேக்கற கேள்விகள்

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். காட்பாடி பக்கம் ஒரு கிராமம், வீட்லயே டெய்லரிங் பண்றேன், வீட்டுக்காரர் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில வேலை. எங்க பெரியவன் 2025 ஏப்ரல் கடைசில அக்னிவீரா, அதாவது ஆர்மில நாலு வருஷத்துக்கு எடுக்கற வேலைக்கு கிளம்பி, நீலகிரி வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர்ல ட்ரெயினிங் முடிச்சான். அதுல இருந்து பிளவுஸ் தைக்க வர்றவங்க, அவங்க நாத்தனாரு, நாத்தனாரோட பக்கத்து வீடுன்னு யார் வீட்டுப் பையன் செலக்ட் ஆனாலும் எனக்குத்தான் போன். கேக்கறது அநேகமா ஒரே கேள்விங்கதான், அதான் மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் டாக்டர் இல்ல, மிலிட்டரி ஆளும் இல்ல. ஏழு மாசம் போனையே பாத்துட்டு இருந்தவ, அவ்ளோதான்.

ஆர்டர் வந்ததுல இருந்து தூக்கமே இல்லக்கா. சந்தோஷப்படணுமா அழணுமான்னே தெரியல, எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லம்மா, எல்லார் வீட்லயும் இதே கதைதான், வெளிய சொல்றதில்ல. நான் மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன், கடைக்காரத் தம்பி "ஆர்மியாக்கா, சூப்பர்"னு சொல்லி காசே வாங்கல, சிரிச்சுட்டு வெளிய வந்தவ வண்டிய ஸ்டார்ட் பண்ணாம அப்படியே நின்னு அழுதுட்டேன். பெருமைலயா பயத்துலயான்னு இப்ப கேட்டாலும் சொல்லத் தெரியாது.

இதுல எனக்கு இன்னொரு உறுத்தல் இருந்துச்சு. அவன ரெண்டு வருஷமா காலைல நாலு மணிக்கு எழுப்பி விட்டது நான்தான். ஏரிக்கரைல அவன் 1,600 மீட்டர் ஓடும்போது போன்ல ஸ்டாப்வாட்ச் புடிச்சதும் நான்தான், அஞ்சரை நிமிஷத்துக்குள்ள வந்தா 60 மார்க்கு, 10 புல்-அப் எடுத்தா 40 மார்க்கு, இதெல்லாம் அவன விட எனக்கு நல்லா மனப்பாடம். அஞ்சு நிமிஷம் இருபத்தெட்டு செகண்ட்ல வந்த அன்னிக்கு நான்தான் கத்தினேன், கரைல மாடு மேச்சிட்டு இருந்தவரு திரும்பிப் பாத்தாரு. நானே ஓட வெச்சு அனுப்பிட்டு இப்ப நானே அழறேனேன்னு இருந்துச்சு. எங்க பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரு இருக்கு, ராணுவப்பேட்டைன்னுதான் சொல்லுவாங்க, தலைமுறை தலைமுறையா ஆர்மிக்கு ஆள் அனுப்பற ஊரு, அங்க ஒரு பெரியம்மா, வீட்டுக்காரரையும் ரெண்டு பசங்களையும் அனுப்பினவங்க. அவங்ககிட்ட இதச் சொன்னேன். "பொண்ணுக்கு மாப்ள பாக்கறதும் நீதான், மறுவீடு அனுப்பிட்டு மூலைல உக்காந்து அழறதும் நீதான், அதுல மட்டும் என்னா குத்தம் கண்ட?"ன்னு கேட்டாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

தூக்கம் வராததுக்கு நான் ஒரே ஒரு வேலை பண்ணேன். ராத்திரி பத்து மணிக்கு மேல யூட்யூப்ல ட்ரெயினிங் வீடியோ பாக்கறத நிறுத்தினேன். சேத்துல உருள்றது, கயிறு ஏறறது, எவனோ எங்கயோ எடுத்ததுக்கு பின்னாடி ஒரு மியூசிக் போட்டு விட்டுருப்பான், அதப் பாத்துட்டு படுத்தா எப்படிங்க தூக்கம் வரும்.

பையனுக்கு இன்னும் 18 முடியல, பாரத்துல எங்க கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா?

பதினேழரை வயசுலயே அப்ளை பண்ணலாம், ஆனா 18 ஆகாதவங்களுக்கு அம்மா அப்பா இல்ல கார்டியன் கையெழுத்து கட்டாயம் வேணும். எங்களுக்கு நடந்தது இதுதான், அவனுக்கு 18 ஆக இன்னும் மூணே வாரம் பாக்கி. அந்த மூணு வாரம் போயிருந்தா என்கிட்ட கேக்க வேண்டிய அவசியமே இல்ல. வீட்டுக்காரர் பட்டுனு போட்டுட்டாரு. நான் பேனா எழுதலன்னேன், வேற பேனா குடுத்தாங்க, அதுவும் எழுதலன்னேன், பையன் என்னப் பாத்தான், அப்புறம் போட்டேன்.

போடுங்க போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போடறதுக்கு முன்னாடி அவன தனியா கூப்ட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "உனக்காகப் போறியா, வீட்டுக் கடனுக்காகப் போறியா?" கடனுக்காகன்னா அதையும் வாய் விட்டுப் பேசிடுங்க, வேற வழி இருக்கான்னு சேந்து பாருங்க, அப்புறமும் போறேன்னான்னா போகட்டும். பேசாம விட்டா, நாளைக்கு அவன் கால் வலிக்குதுன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நம்ம மனசுக்குள்ள அந்தக் கடன்காரன் மூஞ்சிதான் வரும்.

கிளம்பற வரைக்கும் அவன் முன்னாடி அழக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. முடியுமா?

முடியாது. நானும் முயற்சி பண்ணேன், அடுப்படில குழாயத் திறந்து விட்டுட்டு அழறது, வெங்காயம் அரியறேன்னு அழறது. அவன் ஒரு நாள் வந்து, "ம்மா இன்னிக்கு ரசம்தான வெச்ச, எதுக்கு இவ்ளோ வெங்காயம்"னு கேட்டான். பசங்களுக்குத் தெரியுங்க. மறைச்சா நமக்குள்ள என்னமோ பெருசா ஓடுதுன்னு நெனச்சு அவங்க பயப்படறாங்க.

அவன் முன்னாடியே அழுங்க, ஒண்ணும் ஆகாது. ஆனா அழும்போது சொல்ற வார்த்தை இருக்கே, அதுலதான் கவனம். "எனக்கு நீ இல்லாம வீடே வெறிச்சுனு இருக்கும்டா"ன்னு அழலாம். "நீ போனா நான் செத்துடுவேன்", "இந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா", "உங்கப்பாவ நம்பி என்ன விட்டுட்டுப் போறியே", இதெல்லாம் வேணாம். அங்க ராத்திரி தெறிக்கற காலோட படுக்கும்போது அவனுக்கு அதுதான் காதுல கேக்கும். எங்க தெருல ஒரு அம்மா கிளம்பற அன்னிக்கு வாசல்ல விழுந்து பையன் கால புடிச்சிட்டாங்க. அந்தப் பையன் அங்க போய் மொதல் மாசம் முழுக்க ஒழுங்கா சாப்பிடலையாம், அவன் லீவுல வந்தப்ப சொன்னான்.

சண்டை வரும், அதையும் சொல்லிடறேன். கடைசி வாரத்துல ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சண்டை, ஈரத் துண்ட கட்டில்ல போட்டான்னு நான் கத்த, "இன்னும் நாலு நாள்ல துண்டும் இருக்காது நானும் இருக்க மாட்டேன்"னு அவன் கத்த, சின்னவ நடுவுல அழ. பிரியப் போறவங்களுக்குள்ள இப்படித்தான் வருமாம், கொஞ்சம் வெறுத்துக்கிட்டா பிரியறது சுலபம்னு மனசே ஒரு வேலை பண்ணும் போல. பெருசா எடுத்துக்காதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சு தோசை ஊத்திக் குடுத்தா சரியாப் போயிடும்.

எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். அவருக்கு வருத்தமே இல்லையா?

ஐயோ இதை நான் எத்தன ராத்திரி கேட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரர் லெட்டர் வந்த மறுநாள் வேலூர் போய் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வாங்கிட்டு வந்தாரு, திண்டுக்கல் பூட்டு ஒண்ணு. வாசல்ல உக்காந்து பெட்டி மேல வெள்ளை பெயிண்ட்ல பையன் பேர எழுதினாரு, கோணலா வந்துச்சுன்னு மண்ணெண்ணெய் போட்டு அழிச்சாரு, மறுபடி எழுதினாரு. பூட்டுக்கு எண்ணெய் விட்டாரு, புதுப் பூட்டுக்கு எதுக்குங்க எண்ணெய். தொறந்து பூட்டி தொறந்து பூட்டி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கடக் கடக்னு சத்தம். மறுநாள் எதிர் வீட்டு எக்ஸ் சர்வீஸ்மேன் அண்ணன் பாத்துட்டு, "ஏம்ப்பா, பெட்டியெல்லாம் அங்கயே வாங்கிக்கலாம், இதத் தூக்கிட்டுப் போனா புள்ள தோள்பட்டதான் போகும்"னுட்டாரு. அந்தப் பெட்டில இப்ப என் பிளவுஸ் பிட்டு வெச்சிருக்கேன். பூட்ட மட்டும் பையன் எடுத்துட்டுப் போனான்.

அதனால அப்பாக்கள் பேசலன்னா கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. பேச வைக்கணும்னு எதிர்ல உக்காத்தி வெச்சு கேக்காதீங்க, வராது. ரெண்டு பேரையும் ஏதாவது வேலையா ஒண்ணா வெளிய அனுப்புங்க. எங்க வீட்ல முடி வெட்ட அனுப்பினேன், திரும்பி வரும்போது ரெண்டு பேர் கண்ணும் செவந்திருந்துச்சு, என்ன பேசினாங்கன்னு இன்னி வரைக்கும் ரெண்டு பேருமே சொல்லல.

ஆனா குடிக்கிற அப்பாவா இருந்தா இந்த நேரத்துல அது ஜாஸ்தியாகும், பாத்துக்கோங்க. "சந்தோஷத்துல குடிக்கிறேன்"ம்பாங்க.

ஆயா "அனுப்பாதீங்க"ன்னு சாப்பிடாம படுத்துக்கிட்டாங்க, என்ன பண்றது?

அவங்கள சமாதானம் பண்ற வேலைய பையன்கிட்டயே விட்டுடுங்க. நாம சொன்னா நூறு நியாயம் பேசுவாங்க, பேரன் போய் "ஆயா, உனக்கு கேன்டீன்ல இருந்து ஒரு கம்பளி வாங்கியாறேன்"னா எழுந்து உக்காந்துடுவாங்க.

என்னென்ன கட்டிக் குடுக்கலாம்?

ஜாயினிங் லெட்டர்லயே லிஸ்ட் இருக்கும், அத விட்டு ஒரு சாமானும் கூட வெக்காதீங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட், போட்டோ, பேங்க் பாஸ்புக் இதெல்லாம் ஒரு ஃபைல்ல, ரெண்டு செட்டு ஜெராக்ஸோட. கல்யாணம் ஆகலன்னு சர்டிஃபிகேட், கேரக்டர் சர்டிஃபிகேட்டுக்கெல்லாம் கடைசி வாரத்துல அலையாதீங்க, அந்த அலைச்சல்ல பையனோட உக்காந்து சாப்பிடற நேரமும் போயிடும். உள்ளாடை, பனியன்ல பேர் எழுதிடுங்க. முறுக்கு அதிரசம் குடுக்கலாம், வழிலயே பத்து பேர் சேந்து காலி பண்ணிடுவாங்க, அதுக்குத்தான குடுக்கறோம்.

ஸ்டேஷன்ல எப்படி நடந்துக்கறது? எவ்ளோ பேர் போகணும்?

ரெண்டு பேர், மூணு பேர் போதும். வேன் வெச்சு சொந்தக்காரங்கள கூட்டிட்டுப் போய் மாலை போட்டு பேனர் புடிச்சு, இதெல்லாம் நம்ம ஊர்ல இப்ப ஃபேஷனாயிடுச்சு, எனக்குப் புடிக்கல. அந்தப் பத்து நிமிஷம் அவன் எல்லாருக்கும் சிரிச்சு போஸ் குடுத்துட்டே இருப்பான், உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது.

பசங்கள நேரா சென்டருக்கு அனுப்பறதில்ல, ஆள்சேர்ப்பு ஆபீஸுக்கு வரச் சொல்லி பேப்பரெல்லாம் சரி பாத்து அங்கேர்ந்து கும்பலா அனுப்புவாங்க. அதனால நாங்க காட்பாடிலயே நின்னுட்டோம், அப்பா மட்டும் சென்னை வரைக்கும். ட்ரெயின் ரெண்டு நிமிஷந்தான் நிக்கும். அழணும்னு நெனச்சு வெச்சிருந்தேன், அவன் ஏறின பெட்டில ஏதோ கல்யாண கோஷ்டி, கதவு முழுக்க சாமான், "கொஞ்சம் நகருங்க நகருங்க"ன்னு நான் அவங்களோட சண்டை போட்டுட்டு இருக்கும்போதே வண்டி நகந்துடுச்சு. பையன் உள்ள இருந்து சிரிக்கிறான். வீட்டுக்கு வந்து பழக்க தோஷத்துல மூணு டம்ளர் அரிசி களைஞ்சு வெச்சுட்டு, அப்புறந்தான் அழுகை வந்துச்சு.

போய் அஞ்சு நாள் ஆச்சு, போனே வரல! ஸ்விட்ச் ஆஃப்னு வருது. பயமா இருக்கு.

எனக்கு வர்ற போன்ல பாதி இதுக்குத்தான். வராதுங்க. போனதும் பெரும்பாலும் போன வாங்கி வெச்சிடுவாங்க, மொதல் சில வாரம் கையில தர மாட்டாங்க, அப்புறமும் ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் மாதிரிதான். சென்டருக்கு சென்டர், கம்பெனிக்கு கம்பெனி (கம்பெனின்னா பசங்களப் பிரிச்சு வெச்சிருக்கற படைப்பிரிவு) வழக்கம் மாறும், அதனால "அவன் பையன் பேசிட்டான், என் பையன் பேசல"ன்னு கணக்குப் போடாதீங்க. போன் வரலன்னா அவங்க விடலன்னு அர்த்தம். நெஜமா ஏதாவது ஆனா அவங்களே கூப்பிட்டுச் சொல்லிடுவாங்க, பாரத்துல நம்ம நம்பர் இருக்கு.

காலைல இருட்டோட எழுந்து ஷேவ் பண்ணி, பி.டி. எக்சர்சைஸ், டிரில், கிளாஸ், மறுபடி கிரவுண்டு, ராத்திரி ரோல் கால், நடுவுல ஷூ பாலிஷ், தங்கற பேரக்ஸ கூட்டறது. உஸ்தாத், அதாவது ட்ரெயினிங் குடுக்கறவர், "சாவ்தான்"னா நிமிரணும், "விஷ்ராம்"னா தளத்தணும், ஆர்டரெல்லாம் ஹிந்திதான். நம்மள நெனைக்கறதுக்கு அவனுக்கு நேரமே இருக்காது, மொதல் ரெண்டு வாரம் அவன விட நமக்குத்தான் கஷ்டம். இதக் கேட்டதும் எனக்கு நிம்மதியும் வந்துச்சு, லேசா கோவமும் வந்துச்சு, நம்மள மறந்துட்டானான்னு!

எங்களுக்கு வேற ஒண்ணு சேந்துக்கிச்சு. அவன் போய் ஒரு வாரம் ஆகறதுக்குள்ள 2025 மே 7, ஆபரேஷன் சிந்தூர். டிவில மேப் போட்டு அம்புக்குறி போட்டு கத்தறாங்க, வாட்ஸ்அப்ல எந்த நாட்டு வீடியோவோ, கம்ப்யூட்டர் கேமோ, எல்லாத்தையும் அனுப்பறாங்க, பையன்கிட்ட இருந்து ஒரு போன் இல்ல. அவன் இருக்கறது நீலகிரில, ட்ரெயினிங் முடிக்காத பசங்கள பார்டருக்கு அனுப்ப மாட்டாங்கன்னு எதிர் வீட்டு அண்ணன் பத்து தடவை சொன்னாரு, புத்திக்குத் தெரியுது, வயித்துக்குத் தெரியல. 10ஆம் தேதி சாயங்காலம் நிறுத்தியாச்சுன்னு நியூஸ் வந்துச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பர்ல இருந்து போன், தொண்டை கட்டி ஆம்பள குரல்ல ஒருத்தன் "ம்மா"ங்கறான், நான் ராங் நம்பர்னு வெக்கப் போயிட்டேன். டிரில்ல கத்திக் கத்தி குரல் அப்படி ஆயிருக்கு. நான் சண்டையப் பத்தி கேக்கறேன், அவனுக்கு பாதி விஷயம் தெரியவே இல்ல. "மாங்கா ஊறுகா போட்டியா? எனக்கு எடுத்து வை"ங்கறான். மூணு நிமிஷம், கட்.

இதுல நான் கத்துக்கிட்டது. தெரியாத நம்பர எல்லாத்தையும் எடுங்க, ட்ரூகாலர்ல செவப்பா காட்டுச்சுன்னு விட்டுடாதீங்க, பத்து பசங்க ஒரே போன்ல வரிசைல நின்னு பேசுவாங்க. அந்த மூணு நிமிஷத்துல எல்லாரும் போன புடுங்கிப் பேசாதீங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. "சாப்ட்டியா, இளைச்சிட்டியா, குளுருதா"ன்னே நேரத்த முடிச்சிடாதீங்க, அவன் சொல்றதக் கேளுங்க. வீட்டு விஷயத்துல சின்னதா ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, ஆடு குட்டி போட்டுச்சு, தங்கச்சி கணக்குல பாஸு, இந்த மாதிரி. பணக் கஷ்டம், பங்காளி சண்டை இதெல்லாம் வேணாம். வீட்ல பெரிய உடம்பு சரியில்ல, சாவுன்னா மட்டும் மறைக்காதீங்க, சென்டர்ல அதிகாரிங்களுக்குச் சொல்லி அவங்க மூலமா சொல்ல வைங்க. பின்னாடி தெரிஞ்சா அவன் உங்கள நம்பவே மாட்டான்.

லெட்டர் எழுதுங்க. சிரிக்காதீங்க, இன்லேண்ட் லெட்டர் இன்னும் போஸ்ட் ஆபீஸ்ல கெடைக்குது. போன் மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும், லெட்டர மடிச்சு பாக்கெட்ல வெச்சு எத்தன தடவ வேணா படிப்பான். நான் வாரம் ஒண்ணு எழுதினேன், எட்டாவதோட படிப்ப நிறுத்தினவ, எழுத்துப் பிழை எக்கச்சக்கம். எல்லாத்தையும் வெச்சிருக்கான்.

"முடியலம்மா, வந்துடறேன்"னு அழுதா என்ன சொல்றது?

எங்க பையன் மூணாவது ஞாயித்துக்கிழமை இதத்தான் சொன்னான். கால்ல கொப்புளம், தூக்கம் பத்தல, எல்லார் முன்னாடியும் திட்டறாங்க. அந்த நேரத்துல "வந்துடுடா சாமி"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வீட்டுக்காரர் "ஆம்பள மாதிரி இருடா"ன்னு கத்தப் போனாரு. ரெண்டுமே அவனுக்கு உதவாது. "சரி, ரொம்ப கஷ்டமா இருக்கு, அடுத்த ஞாயிறு வரைக்கும் பாரு, மறுபடி பேசலாம்"னேன், அவ்ளோதான். ஒவ்வொரு வாரமும் "அடுத்த ஞாயிறு". அஞ்சாவது வாரம் போன்ல சிரிச்சுட்டு யாரோ ஒரு மலையாளிப் பையன் கதை சொல்லிட்டு இருந்தான், வரேங்கற பேச்சையே காணோம்.

ரூல் என்னன்னும் தெரிஞ்சுக்கோங்க. அக்னிவீர்ல சேந்தப்புறம் எனக்கு வேணாம்னு இஷ்டத்துக்கு நடுவுல கிளம்ப முடியாது, ரொம்ப ரொம்ப விதிவிலக்கான காரணம் இருந்தா மேலதிகாரி அனுமதிச்சாத்தான். சொல்லாம ஓடி வந்தா கேஸு, அப்புறம் அரசாங்க வேலை எதுக்குப் போனாலும் அது துரத்தும். அதனால போன்ல "வந்துடு"ன்னு நீங்க சொன்னீங்கன்னா அவன ஒரு குழில தள்ளறீங்க.

இன்னொண்ணு, மொழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குதுன்னு சொன்னா "தைலம் தேய்"னு விட்டுடாதீங்க. ஓடி ஓடி எலும்புல விரிசல் விடறது ட்ரெயினிங்ல சகஜம். பசங்க மறைப்பாங்க, ஏன்னா ரெலிகேட் பண்ணிடுவாங்கன்னு பயம், அதாவது இந்த பேட்ச்ல இருந்து எடுத்து அடுத்த பேட்ச்ல போடறது. போட்டா போடட்டும். பத்தாவது ஃபெயிலாகி மறுபடி எழுதற மாதிரி, கொஞ்ச வாரம் தள்ளிப் போகும். "எம்.ஐ. ரூமுக்குப் போய் காட்டுடா, லேட்டானா வீட்ல யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்"னு நீங்களே சொல்லிடுங்க, எம்.ஐ. ரூம்னா அங்க டாக்டர் பாக்கற எடம். ஊர்ல என்ன சொல்லுவாங்களோன்னுதான் பாதிப் பசங்க ஒடைஞ்ச காலோட ஓடறாங்க.

அழறது வேற. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" மாதிரி பேச்சு வந்தா, சாப்பிடாம தூங்காம பேச்சே கொறைஞ்சு போனா, அடுத்த ஞாயிறுன்னு தள்ளாதீங்க. அன்னிக்கே சென்டருக்குப் போன் பண்ணி கம்பெனில இருக்கற அதிகாரிகிட்ட பேசுங்க, பையன் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. நமக்கே அந்த மாதிரி இருந்தாலும் 14416க்குப் பேசலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்து மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசறாங்க, காசு கெடையாது. நான் ஒரு தடவ பேசினேன். ராத்திரி ஒரு மணிக்கு, மாடிப்படில உக்காந்து.

எங்களுக்குப் பொண்ணுக்கா. அவ போறா. "பொம்பளப் புள்ளய அனுப்பறியா"ன்னு எல்லாரும் கேக்கறாங்க.

கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்லுங்க. சென்னை பரங்கிமலைல இருக்கற ஆபீசர்ஸ் ட்ரெயினிங் அகாடமில (ஓ.டி.ஏ.) 1992ல இருந்து பொண்ணுங்க ஆபீசர் ட்ரெயினிங் எடுக்கறாங்க, அன்னிக்குப் போனவங்களுக்கு இன்னிக்கு பொண்ணு கல்யாண வயசுல இருக்கும். அக்னிவீர்ல ஆர்மி பொண்ணுங்க மிலிட்டரி போலீஸுக்கு, ட்ரெயினிங் பெங்களூரு. நேவிக்கு ஒடிசால சில்கா, மொதல் அக்னிவீர் பேட்ச்லயே 273 பொண்ணுங்க முடிச்சாங்க. பயம் பையன அனுப்பறதுல இருக்கற அதே பயம்தான், கூட ஊர் வாய் சேரும். தங்கற எடம், லேடி இன்ஸ்ட்ரக்டர், பீரியட்ஸ் டைம்ல யார்கிட்ட சொல்றது, இதெல்லாம் வெக்கப்படாம மொதல்லயே கேட்டு வெச்சுக்கோங்க.

நாமினி பாரத்துல என் பேர் எழுதச் சொன்னாங்க. அதப் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல.

தெரியும். 48 லட்சம் இன்ஷூரன்ஸ்னு போட்டிருக்கும், அத எழுத்துக் கூட்டிப் படிச்சப்ப எனக்கு நெஞ்ச அடைச்சுது, புள்ளைக்கு வெல போட்டு எதிர்ல வெச்ச மாதிரி. 2020 ஜூன்ல லடாக் பக்கம் கல்வான்ல சீனாக்காரங்களோட மோதல்ல இறந்தவங்கள்ல நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருத்தரு, அந்த நியூஸ் அன்னிக்குப் பாத்தது இப்பத்தான் புதுசாப் பாத்த மாதிரி வந்து வந்து நின்னுச்சு. இது வீண் பயம்னு நான் பொய் சொல்ல மாட்டேன், அந்த வேலைல அது இருக்கு. பழைய பாட்டுல வர்ற வீரத்தாய்ங்க மாதிரி இருக்கணும்னு சொந்தக்காரர் ஒருத்தர் எனக்கு பாடம் எடுத்தாரு, அவர் பையன் துபாய்ல ஏசி ரூம்ல இருக்கான்.

என்னால முடிஞ்சது இதான்: பாரத்த நிரப்பி, பாஸ்புக் ஜெராக்ஸோட வெச்சு, பீரோல போட்டுட்டேன். எல்ஐசி பாலிசிலயும் இதேதான் எழுதறோம், அப்ப யாரும் அழறதில்ல. பயம் வர்ற நேரம் எனக்கு மத்தியானம் மூணு மணி, வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, மெஷின் சத்தம் மட்டும். அந்த நேரத்துக்கு கஸ்டமர வரச் சொல்ல ஆரம்பிச்சேன், அளவெடுக்க.

நாலே வருஷம்தான? அதுக்கா இவ்ளோ அழுகை, அப்புறம் வேலையும் இல்லாம வந்து நிப்பான்னு மாமனார் சொல்றாரு.

அவர் சொல்றதுல பாதி உண்மை. நாலு வருஷம், அதிகபட்சம் 25 சதவீதம் பேரத்தான் நிரந்தரமா எடுப்பாங்க, பென்ஷன் கெடையாது. மொத வருஷம் 30,000 சம்பளம், அதுல 9,000 புடிச்சு கையில 21,000, அரசாங்கமும் அதே 9,000 போடும், முடிச்சு வரும்போது பத்து லட்சத்துக்கு மேல சேவா நிதி. அதுல வீடு கட்டிடலாம், அக்கா கல்யாணம் பண்ணிடலாம்னு இப்பவே பிளான் போடாதீங்க, 22 வயசுல அவனுக்கு மறுபடி ஒரு ஆரம்பம் வேணும், அந்தப் பணம் அதுக்கு. இதப் பேச வேண்டிய நேரம் கிளம்பற வாரம் கெடையாது, மாமனார்கிட்ட சொல்லுங்க.

ட்ரெயினிங் முடிச்சு பசங்க சத்தியம் எடுக்கற கசம் பரேடுக்குப் போகலாமா? லீவு போட்டு, செலவு பண்ணி, ஊட்டி வரைக்கும்...

கடன் வாங்கியாவது போங்க. வெலிங்டன் குன்னூர் பக்கத்துல, டிசம்பர்ல கை வெறச்சுப் போற குளிரு. மைதானத்துல எல்லாப் பசங்களும் ஒரே மாதிரி முடி, ஒரே மாதிரி நெஞ்ச நிமித்திட்டு, எனக்கு என் பையன கண்டுபுடிக்க முடியல. பெத்தவளுக்குத் தெரியாதான்னு கேப்பீங்க, தெரியலங்க. வீட்டுக்காரர்தான் "மூணாவது வரிசை, அந்தக் காது"ன்னாரு. கொடி முன்னாடி சத்தியம் எடுக்கறாங்க, அப்புறம் "வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு அத்தன பேரும் கத்தும்போது பக்கத்துல இருந்த ஆந்திரா அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க, அவங்க தெலுங்குல என்னமோ சொல்றாங்க, நான் தமிழ்ல என்னமோ சொல்றேன். பெத்தவங்களுக்கும் ஒரு மெடல் தர்றாங்க, கௌரவ் பதக்னு. வீட்டுக்காரர் அத சட்டைல இருந்து ரெண்டு நாள் கழட்டல, பஸ்லயும் அப்படியே வந்தாரு.

அவன் ரூம என்ன பண்றது? அப்படியே வெச்சிருக்கவா?

எங்க வீட்ல ரூம்னு தனியா இல்ல, ஜன்னலோரம் ஒரு கட்டில், அவ்ளோதான். ரெண்டு மாசம் அந்தப் போர்வைய மடிக்காம வெச்சிருந்தேன், சின்னவள உக்கார விடல. அப்புறம் ஆடி மாசம் தையல் ஆர்டர் ஜாஸ்தியாச்சு, வெளிச்சம் பத்தல, கட்டில செவுத்தோரம் தள்ளிட்டு மெஷின ஜன்னல்கிட்ட போட்டேன். போன்ல சொன்னேன், ஒரு நிமிஷம் பேச்சே இல்ல, அப்புறம் "சரி, ஃபேன் மட்டும் என்னுது"ன்னான். லீவுல வந்தப்ப பாத்தா கட்டில்லயே படுக்கல, கீழ பாய் போட்டு படுத்தான். காலைல நாலரைக்கு நான் எழுந்தா போர்வைய நாலு மூலையும் பிடிச்சு செங்கல் மாதிரி மடிச்சு வெச்சுட்டு வாசல்ல உக்காந்து அவங்கப்பா செருப்புக்கு பாலிஷ் போட்டுட்டு இருக்கான், ரப்பர் செருப்புக்கு. மெஷின் ஜன்னல்கிட்டதான் இருக்கு.